மழலை: ஒரு சொல்லும் ஓர் உழைப்பும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் நகரை ஒட்டியே இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் என்றால் செங்கம், போளூர், வந்தவாசி, ஜவ்வாது மலை என்று நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் மனுவோடு வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டால் தெளியாத பேச்சில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் காதில் விழும். வரிசை நகராததால் எழும் முணுமுணுப்பு. இருவர் தலை சாய்த்துப் பேசும் குசுகுசுப்பு. பக்கவாதத்தால் வாய் கோணிய பெரியவரின் குழறல். கிரிவலத்துக்கு வந்திறங்கும் ஆந்திரத்துக் குடும்பங்களின் வேகமான தெலுங்கு. அந்த மொழி தெரியாதவருக்கு அதுவும் வெறும் ஓசைதான். பிறகு, தாயின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு உலகத்தையே அதட்டும் பிள்ளையின் மழலை.

ஐந்துமே புரியாத பேச்சுதான். ஆனால் ஐந்தாவதை மட்டும் தமிழ் கொண்டாடுகிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் அதைக் குழலுக்கும் யாழுக்கும் மேலே வைக்கிறது. பெற்றவர்களின் பாசம் அப்படிச் சொல்ல வைத்தது என்று முடித்துவிடலாம். ஆனால் மழலை என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால் இன்னொரு காரணமும் தெரிகிறது. தெளியாத பேச்சை நம் முன்னோர்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள் என்பதை அந்த வேர் காட்டுகிறது. கடந்த அரை நூற்றாண்டில் குழந்தைப் பேச்சை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய அதே பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஓசையிலிருந்து பிறந்த பெயர்கள்

முணுமுணு, குசுகுசு, தொணதொண. தெளியாத பேச்சுக்குத் தமிழில் உள்ள பெயர்களில் பல இரட்டைக்கிளவிகள். காதில் விழுந்த ஓசையையே பெயராக்கிக்கொண்டவை. அந்தப் பெயர்கள் எவ்வளவு கச்சிதமானவை என்பதை ஒலியியல் சொல்லும்.

உதடுகளைச் சரியாகத் திறக்காமல் பேசும்போது குரலின் ஒரு பங்கு மூக்கு வழியாகப் போகிறது. ஒரு மெய்யெழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. மூடிய உதடும் மூக்கறையும் அந்த அதிர்வெண்களை அமுக்கிவிடுகின்றன. மிஞ்சுவது மெல்லினத்தின் சாயல் மட்டும். முணுமுணு என்ற சொல்லில் ம, ண இரண்டும் இருப்பது அதனால்தான். குசுகுசுப்பில் நடப்பது வேறு. அப்போது குரல்நாண்கள் அதிர்வதே இல்லை. அவற்றின் இடுக்கு வழியே காற்று உராய்ந்துகொண்டு போகிறது. தொண்டையைத் தொட்டுப் பார்த்தால் துடிப்பு இருக்காது. தூரத்தில் நிற்பவருக்குச் சகரம் போன்ற சீறல் மட்டும் எட்டுகிறது. பெயரிலும் அந்தச் சகரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மற்ற மொழிகளும் இதே வழியில் போயிருக்கின்றன. ஆங்கிலத்தின் 'பேபிள்' என்ற சொல், உதடுகள் மூடித் திறக்கும் பகர ஓசையைப் பின்பற்றி எழுந்தது. திக்கிப் பேசுகிறவரை லத்தீனில் 'பல்புஸ்' என்றார்கள். கிரேக்கர்களோ தங்கள் மொழியைப் பேசாத எல்லோரையும் 'பார்பரோஸ்' என்றார்கள். பிறர் பேசுவது தங்கள் காதுக்கு 'பர் பர்' என்று கேட்டது என்பதுதான் அந்தப் பெயரின் பிறப்பு. பின்னாளில் அது காட்டுமிராண்டி என்று பொருள் தரும் சொல்லாக ஐரோப்பிய மொழிகளில் இறங்கியது. எனக்குப் புரியவில்லை என்பது உனக்குப் பேசத் தெரியவில்லை என்றாகி, கடைசியில் நீ மனிதனே இல்லை என்று முடிந்த கதை அது.

வடமொழியின் 'ம்லேச்ச' என்ற சொல்லும் இந்த வழிதான். பாணினி மரபின் வினைவேர்ப் பட்டியல் அந்த வேருக்குத் தரும் பொருளே தெளிவற்ற ஒலி என்பது. சதபத பிராமணத்தில் வந்து, பதஞ்சலியின் மகாபாஷ்யத்திலும் எடுத்தாளப்படும் ஒரு கதை உண்டு. பகைவரை விளிக்கும் சொல்லை அசுரர்கள் ரகரம் வரவேண்டிய இடத்தில் லகரம் போட்டுச் சொன்னார்கள். அதனால் தோற்றார்கள் என்று அந்தக் கதை போகிறது. ரயிலை 'லயில்' என்று சொல்லும் நம் வீட்டுப் பிள்ளை செய்வதும் அதே மாற்றம்தான். ஒரே ஒலிமாற்றம் ஓரிடத்தில் தோல்விக்குக் காரணமாகிறது, இன்னோரிடத்தில் முத்தம் வாங்கித் தருகிறது.

வேற்று மொழிக்காரரைத் தமிழ் அந்தக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், அரசனின் பாசறையில் காவல் நிற்கும் மிலேச்சர் வருகிறார்கள். அவர்கள் நாவால் பேசாமல் உடல் அசைவால் பேசுகிறவர்களாகக் காட்டப்படுகிறார்கள். ஆனால் குழந்தையின் பேச்சுக்குப் பெயர் வைக்கும்போது தமிழ் அந்த வழியை எடுக்கவில்லை.

மழ என்னும் வேர்

மழலை என்ற சொல் எந்த ஓசையையும் பின்பற்றி எழுந்ததல்ல. அதன் வேர் 'மழ'. தொல்காப்பியத்தின் உரியியல், 'மழ', 'குழ' என்ற இரண்டு உரிச்சொற்களுக்கும் இளமை என்றே பொருள் தருகிறது. குழவி என்ற சொல் இரண்டாவதோடு உறவுடையது. மழகளிறு என்றால் இளைய களிறு. மழவிடை என்றால் இளங்காளை. அந்த வரிசையில் நிற்பதுதான் மழலை. இளமையின் பேச்சு. தெளிவின்மை என்ற பொருள் அந்த வேருக்குள் எங்குமே இல்லை. பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது அது. அதற்கு நடுவிலும் மென்மை, இனிமை என்ற பொருள்களைச் சொல் இழக்கவில்லை.

பக்கத்து மொழியான கன்னடத்தில் 'தொதலு' என்ற சொல் குழந்தையின் பேச்சையும் திக்கிப் பேசுவதையும் சேர்த்தே குறிக்கும். தமிழ் இரண்டையும் வேறு வேறு பெட்டியில் வைத்தது. வளர்ந்தவருக்கு வாய் குழறும், திக்கும், உளறும். குழந்தைக்கு மழலையும் குதலையும். குதலை என்ற சொல்லை இலக்கியங்கள் இனிய பேச்சுக்கும் எடுத்துக்கொண்டன. திருவண்ணாமலையோடு தம் வாழ்க்கைக் கதையே பிணைந்துவிட்ட அருணகிரிநாதரின் திருப்புகழிலும் அந்தச் சொல் பெண்களின் பேச்சுக்கு அடைமொழியாக வருகிறது.

குழந்தையின் பேச்சுக்குக் குறையின் பெயரை வைக்காமல் பருவத்தின் பெயரை வைத்ததுதான் மழலை என்ற சொல்லின் சிறப்பு. பருவம் என்றால் அதற்கு முன்னும் பின்னும் உண்டு. ஒரு திசை உண்டு. மழலைக்கு அப்படி ஒரு திசை இருப்பதை அறிவியல் ஏற்றுக்கொள்ள வெகுநாள் ஆயிற்று.

வாய் தயாராகும் காலம்

பிறந்த குழந்தையின் குரல்பாதை, அதாவது குரல்வளையிலிருந்து உதடு வரை, சுமார் 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர். நீளத்தை விட அமைப்பில் உள்ள வேறுபாடு பெரிது. சிசுவின் குரல்வளை கழுத்தில் மிக மேலே இருக்கிறது. நாக்கு வாயை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கிறது. பால் உறிஞ்சுவதற்கு மிகப் பொருத்தமான வாய் அது. ஆனால் இ, உ போன்ற உயிர்களைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல, நாக்கு முன்னும் பின்னும் போய்வர இடம் வேண்டும். மாதங்கள் போகப் போகத்தான் குரல்வளை கீழே இறங்கி, வாய் விரிந்து, அந்த இடம் உண்டாகிறது.

இரண்டாவது மாதத்தில் பிள்ளை 'ங்கா' சொல்லத் தொடங்குகிறது. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு நாக்கின் பின்பகுதி அண்ணத்தை உரசுவது எளிது. அதனால்தான் உலகம் முழுக்க இந்த வயதின் ஒலிகளில் ககரமும் ஙகரமும் சாயலடிக்கின்றன. நான்கு முதல் ஆறு மாதத்தில் கீச்சிடுவது, உதட்டைப் படபடக்க விடுவது, குரலை ஏற்றி இறக்கிப் பார்ப்பது என்று குரல் விளையாட்டு. ஆறு முதல் பத்து மாதத்துக்குள் பெரிய திருப்பம் ஒன்று வருகிறது. 'பாபாபா', 'மாமாமா', 'தாதாதா' என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள், பெரியவர்களின் பேச்சில் உள்ள வேகத்திலேயே வரிசையாக வருகின்றன. இதை முறையான மழலையின் தொடக்கமாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பாடுகிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவது தாலாட்டு. அம்மா ராகமிழுத்து நாவை ஆட்டிப் பாட, பிள்ளையும் தன் வாயைத் திறந்து மூடிப் பழகும் மாதம் அது. பெரியாழ்வார் நிலாவை அழைக்கும் பாசுரத்தில், குழந்தையின் வாயில் ஊறும் எச்சிலையும் தெளியாத மழலையையும் ஒன்றாகவே வைக்கிறார். உதட்டை மூடி எச்சிலை அடக்கும் தசைக் கட்டுப்பாடு வருவதும் பேச்சு தெளிவதும் அருகருகே நடக்கிறவை. உற்றுப் பார்த்து எழுதியவருக்கு அந்த இணைப்பு கண்ணில் பட்டிருக்கிறது.

தாடை என்னும் ஊஞ்சல்

ஏன் பாபா, மாமா, தாதா? குழந்தை ஏன் முதலில் 'கிளி' என்றோ 'முறம்' என்றோ சொல்வதில்லை?

பீட்டர் மெக்நீலேஜ், பார்பரா டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மெக்நீலேஜ் 1998-இல் அதை விரிவாக எழுதினார். மெல்லும்போதும் உறிஞ்சும்போதும் தாடை மேலும் கீழும் போய்வருகிறது. அந்தப் பழைய அசைவோடு குரலைச் சேர்த்தால் அசை பிறக்கிறது. ஊஞ்சலில் உட்கார்ந்த பிள்ளை தானாக எதுவும் செய்யாமலே முன்னும் பின்னும் போவது போல, நாக்கு தாடையின் மேல் சும்மா உட்கார்ந்து போய்வருகிறது. தாடை ஏறி உதடு மூடினால் பகரம்; இறங்கி வாய் திறந்தால் ஆகாரம். மூக்கு வழி திறந்திருந்தால் பகரம் மகரமாகிவிடும். நாக்கு சற்றே முன்னால் இருந்தால் தகரம். பின்னாளில் நாக்கு ஊஞ்சலை விட்டு இறங்கி, தாடையின் துணையில்லாமல் தானாக நகரக் கற்றுக்கொள்ளும்போதுதான் ஓர் அசை பகரத்திலும் அடுத்த அசை ககரத்திலுமாக விதவிதமான சொற்கள் வருகின்றன.

அப்பா, அம்மா, தாத்தா, பாப்பா, மாமா, மம்மு. நம் வீட்டுச் சொற்கள் எல்லாம் இந்தத் தாடை அசைவின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பால் குடிக்கும்போது உதடு மூடியிருக்க, மூக்கு வழியாக வரும் முனகல் மகரமாகக் கேட்கிறது. அதனால்தான் பல மொழிகளில் தாயின் பெயரில் மகரம் இருக்கிறது என்றார். ஆனால் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா; அம்மாவுக்கு 'தேதா'. தமிழிலும் மாமா அம்மாவின் உடன்பிறந்தவர்தான். ஓசை குழந்தையுடையது. அதை யாருக்குப் பெயராக்குவது என்று முடிவு செய்வது கேட்கிறவர்கள். குழந்தையின் ஒலிக்குப் பெரியவர்கள் பொருள் கொடுக்க, அந்தப் பொருளைக் குழந்தை திரும்ப எடுத்துக்கொள்கிறது. மொழியின் முதல் கொடுக்கல் வாங்கல் அங்கே நடக்கிறது.

இதே யாக்கப்சன் 1941-இல் எழுதிய நூலில், மழலைக்கும் பின்னால் வரும் பேச்சுக்கும் தொடர்பில்லை என்று வாதிட்டிருந்தார். குழந்தை கண்டபடி ஒலியெழுப்புகிறது, பிறகு நிறுத்திவிட்டு மொழியைப் புதிதாகத் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. பிற்கால ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன. ஒரு குழந்தை மழலையில் விரும்பிச் சொல்லும் ஒலிகள்தான் அதன் முதல் சொற்களிலும் வருகின்றன. மழலை பேச்சுக்கு முந்தைய வெற்றோசை அல்ல. பேச்சின் முதல் பகுதி.

எட்டு மாதத்தில் ஊர்ப் பேச்சு

தாயின் வயிற்றில் ஆறாம் மாதவாக்கில் குழந்தையின் செவி வேலை செய்யத் தொடங்குகிறது. வயிற்றுச் சுவர் வழியே எழுத்துகள் தெளிவாகப் போகா. பேச்சின் ஏற்ற இறக்கம் போகும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த சில நாளேயான பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழ்வில் தொடங்கி உயர்ந்தது. ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை உயர்வில் தொடங்கித் தாழ்ந்தது. இரண்டு மொழிகளின் இசையும் அந்தந்த வகையே. பெனெடிக்ட் டி புவாசோன்-பார்டீஸும் அவருடன் இருந்தவர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாதக் குழந்தைகளின் மழலையைப் பதிவு செய்து பிரெஞ்சுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எது பிரெஞ்சு வீட்டுப் பிள்ளை, எது அரபு வீட்டுப் பிள்ளை என்று அவர்களால் பெரும்பாலும் சொல்ல முடிந்தது. ஒரு சொல்கூட வராத வாயில் ஊர்ப் பேச்சின் ராகம் வந்துவிட்டிருந்தது.

காதில் நடக்கும் மாற்றம் இன்னும் வியப்பானது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இந்தியர்களுக்கு நெருக்கமானது. இந்தியில் பல்லைத் தொட்டுச் சொல்லும் தகரமும், நாவை மடித்துச் சொல்லும் டகரமும் வேறு வேறு. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்த இரண்டையும் பிரித்து அறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் வெகுவாக மங்கிப்போயிற்று. சுற்றிலும் பயன்படாத வேறுபாட்டை மூளை கைவிடுகிறது, பயன்படுவதைக் கூர்மையாக்குகிறது. பத்து, பட்டு, கதை, கடை, மனம், மணம். வேங்கிக்காலில் வளரும் குழந்தை தன் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இந்த வேறுபாடுகளைக் காதில் சேர்த்துக்கொண்டிருக்கும். வாயில் அவை வர இன்னும் சில வருடம் பிடிக்கும்.

மழலை என்ற சொல்லின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் ழகரம், தமிழ்க் குழந்தைகளுக்குக் கடைசியில் வந்து சேரும் ஒலிகளில் ஒன்று. பகரம் சொல்லும்போது உதட்டில் உதடு படுகிறது. தகரத்தில் நாக்கு பல்லில் படுகிறது. பட்ட இடத்தைக் குழந்தை உணர முடியும், அடுத்த முறையும் அங்கேயே போக முடியும். ழகரத்துக்கு நாக்கின் நுனி பின்னால் மடிந்து, அண்ணத்தை நெருங்கி, எதையும் தொடாமல் நிற்க வேண்டும். தொடாத இடத்தைத் தேடிப் பிடிப்பது காதின் வழிகாட்டலில் மட்டுமே முடியும். நாவின் நுனி ஆட வேண்டிய ரகர றகரங்களும் இப்படியே தாமதிக்கின்றன. நாவை ஓரிடத்தில் அழுத்தி நிறுத்தினால் போதும் என்ற லகரம் அந்த இடத்தை நிரப்புகிறது. குருவி 'குலுவி'யாகிறது. 'பயம்' என்று பிள்ளை சொல்வது பழத்தையாக இருக்கலாம். வட மாவட்டங்களின் பேச்சுவழக்கில் பெரியவர்களே ழகரத்தை யகரமாகச் சொல்வதுண்டு. அப்படியானால் அந்தக் குழந்தை தவறவில்லை, கேட்டதைச் சரியாகக் கற்றிருக்கிறது.

பதில்தான் பாடம்

இந்த உழைப்பைக் குழந்தை தனியாகச் செய்வதில்லை. மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழு 2003-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், எட்டு மாதக் குழந்தைகளின் தாய்மார் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் குழந்தை ஒலியெழுப்பியவுடன் சிரித்து, நெருங்கி, தொட்டார்கள். மற்றப் பிரிவினர் அதே அளவு சிரித்துத் தொட்டார்கள். ஆனால் குழந்தையின் ஒலிக்கும் அதற்கும் தொடர்பில்லாத நேரங்களில். உடனுக்குடன் பதில் பெற்ற குழந்தைகளின் மழலை அந்த ஒரு அமர்விலேயே முதிர்ந்த வடிவத்துக்கு நகர்ந்தது. மற்றக் குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை. அன்பின் அளவு ஒன்றே. பதிலாக வந்த அன்புதான் பேச்சை வளர்த்தது.

பேட்ரீஷியா கூல் குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுக்கும் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் 12 அமர்வுகள் நேரில் பேசி விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, தொலைக்காட்சித் திரையில் வந்தபோது குழந்தைகள் கற்றது ஒன்றுமில்லை. திரை அழகாகப் பேசும். 'ங்கா' என்றால் திரும்ப 'ங்கா' என்று சொல்லாது.

குழந்தையிடம் பெரியவர்கள் கொஞ்சிப் பேசினால் பேச்சு கெட்டுவிடும் என்ற கவலை சிலருக்கு உண்டு. 1997-இல் கூல் குழுவினர் அமெரிக்கா, ரஷ்யா, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் தாய்மார் பேசுவதை அளந்தார்கள். குழந்தையிடம் பேசும்போது அவர்களின் உயிரொலிகள் ஒன்றிலிருந்து ஒன்று இன்னும் விலகி, இன்னும் தெளிவாக ஒலித்தன. பாட்டி இழுத்து இழுத்துக் கொஞ்சுவது குழந்தைக்குத் தெளிவான பாடம். மம்மு என்றும் சொல்லலாம், சோறு என்றும் சொல்லலாம். பேச வேண்டும் என்பதே முக்கியம்.

மனிதருக்கு மட்டுமா இந்தப் பருவம்? பறவைக் குஞ்சுகள் பாடிப் பழகும் முதல் முயற்சிகளைக் குழந்தையின் மழலையோடு டார்வின் 1871-இலேயே ஒப்பிட்டார். 2021-இல் மத்திய அமெரிக்காவின் ஒரு வகை வௌவால் குட்டிகள் அசைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி மழலை பேசுவதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். குரலைக் கற்றுத்தான் பெற வேண்டும் என்ற உயிர்களுக்கு, தெளியாமல் பேசிப் பழகும் காலம் தவிர்க்க முடியாதது. காது கேளாத குழந்தைகள் சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும்போது, கைகளாலேயே பொருளற்ற அசைகளை அடுக்கி மழலை பேசுவதை லோரா பெட்டிட்டோவும் பாலா மாரெண்டெட்டும் 1991-இல் காட்டினார்கள். மழலை வாயைச் சேர்ந்தது அல்ல, மொழியைச் சேர்ந்தது.

மழலை வராதபோது

இதில் ஒரு கடினமான உண்மை இருக்கிறது. காது கேளாமல் பிறந்த குழந்தையும் அழும், சிரிக்கும், இரண்டாம் மாதத்தில் 'ங்கா' சொல்லும். அந்த ஒலிகளுக்குக் காதின் துணை அவ்வளவாகத் தேவையில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வேறுபாடு தெரிவது 'பாபாபா' வர வேண்டிய காலத்தில். கிம்ப்ரோ ஆலரும் ரெபெக்கா ஐலர்ஸும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கும் குழந்தைகளிடம் பத்தாம் மாதத்துக்குள் வந்துவிட்ட அசைகள், கேளாத குழந்தைகளிடம் பதினொன்றாம் மாதமோ அதற்குப் பின்னரோதான் தலைகாட்டின. பத்து மாதமாகியும் அசை அடுக்கு வரவில்லையென்றால் 'எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோம்' என்று காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கவே தேவையில்லாத வழியும் இருக்கிறது. தூங்கும் சிசுவின் காதில் சிறிய முனையை வைத்து, உள்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் ஓஏஇ சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் ஐயம் வந்தால் செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை சமிக்ஞை போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் செவிக்கருவியோ பயிற்சியோ என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கம் நம் மாநிலத்தில் இன்னும் பரவலாக இருப்பதால், மரபுவழிக் கேளாமைக்கான வாய்ப்பும் இங்கே கூடுதல். அப்படிப்பட்ட குடும்பங்கள் இந்தச் சோதனையைத் தடுப்பூசி போலவே கருத வேண்டும்.

2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் சுவஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறவிக் கேளாமையும் வளர்ச்சித் தாமதமும் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. மேல்சிகிச்சைக்கு மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. செவிக்கருவி பயன்படாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. சின்ன வயதில் பொருத்தினால் பலன் அதிகம். பேச்சைக் கற்க மூளை மிகத் திறந்திருப்பது முதல் சில வருடங்களில். கருவி பொருத்திய குழந்தை மூன்று வயதிலும் மழலையிலிருந்தே தொடங்கும். செவி திறந்த நாளிலிருந்துதான் அந்தப் பிள்ளையின் பேச்சுக்கு வயதைக் கணக்கிட வேண்டும்.

பெரியவர்களின் குழறல் முற்றிலும் வேறு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவருக்குத் திடீரென வாய் குழறினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கையைத் தூக்க முடியாமல் போனாலோ அது பக்கவாதத்தின் அறிகுறி. மூளை இரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 108-ஐ உடனே அழைக்க வேண்டிய நேரம் அது. தமிழ் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்காதது நமக்குக் கிடைத்த நன்மை. குழறல் கைவிட்டுப் போகிறதைக் காட்டுவது. மழலை கைக்கு வந்துகொண்டிருப்பதைக் காட்டுவது.

மக்கட்பேறு அதிகாரத்தின் அந்தக் குறள், மழலையைப் பேசும் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதைக் கேட்டவரையும் கேளாதவரையும் பற்றிப் பேசுகிறது. இன்றைய அறிவியல் அதோடு இரண்டு காதுகளைச் சேர்க்கிறது. ஒன்று குழந்தையின் காது: அது திறந்திருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். மற்றது பெரியவர்களின் காது: பிள்ளை 'தா தா' என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு 'தாத்தாவா? தாத்தா கடைக்குப் போயிருக்காரு' என்று பதில் சொல்ல வேண்டும். பேச்சு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எந்தக் குழந்தையையும் காக்க வைக்கக் கூடாது. நாம் பதில் சொல்வதால்தான் அதற்குப் பேச்சு வருகிறது.